அத்தான் வைத்த பெயர்கள்

போன கிழமை குலசிங்கத்தைக் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறக்கி, திருகோணமலையில் மாமனார் வீட்டுப் படலையடியில் நிறுத்தினோம். அவர் உள்ளே வந்தார், குளித்தார், படுத்தார். மனைவியின் தங்கை வதனி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். குடித்தார். அவளுடைய முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காரணம் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு சொட்டுச் சொல்லிவிடுகிறேன்.

குலசிங்கம் கணினி நிரல் எழுதுகிறவர். கடைக்காரரும் களஞ்சியக்காரரும் வைத்திருக்கும் கணக்கு நிரல்களுக்குத் தமிழில் அச்சடிக்கத் தெரியாது. அவை குலசிங்கம் எழுதிய ஒரு நிரலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒவ்வொரு பெயரும் ஒரு கட்டளை. கூப்பிட்டதும் குலசிங்கத்தின் நிரல் எழுத்தைக் கோத்து அச்சு மெஷினுக்கு அனுப்பும். வருஷத்துக்கு ஒருமுறை அவருடைய ஆள் வந்து புதுத் திறப்பு எண் போட்டால்தான் அது தொடர்ந்து ஓடும்.

சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டுப்பட்டது. அரிசியும் மாவும் திருகோணமலையிலிருந்து கப்பலில் போயின. அந்த நேரம் பார்த்துத் திறப்பு எண் முடிந்தது. கொழும்பிலிருந்து ஆளும் வரவில்லை. அந்தக் கப்பல்களுக்கு மூட்டை அனுப்புகிற அபூதாஹிர் ஹாஜியாரின் களஞ்சியத்தில் ஒரு காலை திரை அப்படியே நின்றுவிட்டது.

வதனி என்.சி. ரோட்டில் சின்னக் கணினிக் கடை வைத்திருக்கிறாள். அவள் தானாகவே ஒரு நிரல் எழுதி அங்கே வைத்தாள். அத்தானின் நிரலுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று அவள் பார்த்ததில்லை. பார்க்க விரும்பினாலும் முடியாதபடி அவர் பூட்டி வைத்திருந்தார். ஆனால் கூப்பிடும் பெயர்களை மட்டும் அவர் வைத்தபடியே வைத்தாள். பெயரை மாற்றினால் களஞ்சியத்தில் ஓடும் பழைய நிரல்கள் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டும். அவற்றை எழுதியவர்களில் ஒருவர் கனடாவில். இன்னொருவர் வன்னிக்குள். மற்றவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது.

சங்கதி குலசிங்கத்தின் காதுக்குப் போனது. கள்ளி என்றார். ஹாஜியாரின் களஞ்சியத்திலிருந்து அதை எடுக்க வைக்கிறேன், எடுக்காவிட்டால் வழக்கு என்றார். வழக்கு என்று ஒன்று வந்தால் வதனியின் கடை மூடுப்படும். துறைமுகப் பக்கத்து முதலாளிமார் கள்ளி என்று பெயர் எடுத்தவளைத் தங்கள் கணினியைத் தொட விடமாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில் குணேஸ்வரி. குலசிங்கத்துக்குப் பெண்சாதி, வதனிக்கு அக்கா. தங்கையைக் கள்ளி என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் சொல்வது பொய் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி ஏதும் இருக்குமா என்று தேடிக்கொண்டுதான் மறுநாள் காலை அவள் புருஷனோடு ஹாஜியாரின் களஞ்சியத்துக்கு நடந்தாள்.

கடற்படைச் சோதனைச் சாவடியில் வரிசை நீளமாக இருந்தது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி குலசிங்கம் நின்ற நிலையைக் குணேஸ்வரி பார்த்தாள். தோளை ஒடுக்கி, கண்ணை நிலத்தில் வைத்து, கூப்பிட முன்னமே பதில் சொல்லத் தயாராக நின்றார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துப் பொலிஸில் அடைத்துவைத்து வெளியே விட்ட பிறகுதான் இந்த நிலை வந்தது. திறப்பு எண் போட ஆள் வராததும் அதனால்தான். தானும் வெளிக்கிடவில்லை, வேலைக்கிருந்த பொடியளையும் அனுப்பவில்லை. அதை வதனிக்குச் சொல்லவும் அவருக்கு வெட்கம்.

சாவடி தாண்டியதும் அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு போன் எடுத்து நிலைமையைச் சொல்லியிருந்தால் வதனி இந்த வேலைக்கே போயிருக்க மாட்டாள் என்றாள்.

"அவளாவது கேட்டிருக்கலாம் தானே, குணம். அத்தான், நான் இப்பிடிச் செய்யப்போறன் எண்டு ஒரு சொல்லு."

"கேட்டவள். நீங்கள் போனை எடுக்கேல்ல."

குலசிங்கம் இரண்டடி முன்னால் நடந்தார்.

அபூதாஹிர் ஹாஜியாரின் களஞ்சியம் உட்துறைமுகத்து இறங்குதுறையைப் பார்த்தபடி நிற்கிறது. கீழே மூட்டைகள், மேலே கணக்கெழுதும் கந்தோர். கந்தோரின் ஒரு மூலையைக் கண்ணாடி அடித்து மறித்து, குளிரூட்டி மாட்டி, கணினியை வைத்திருந்தார்கள். குண்டு வெடித்தால் சிதறாமல் இருக்க யன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் மறுக்குமாகப் பட்டி ஒட்டியிருந்தது. அதற்கப்பால் கிரேன் ஒன்று, சத்தம் உள்ளே கேளாமல், அசைந்துகொண்டிருந்தது. அதன் கூண்டுக்குள் இருக்கிற ஆள் குணேஸ்வரியின் தகப்பன் யோகலிங்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இறங்குதுறையில் பாரம் தூக்குகிற மனுஷன். எஞ்சின் சத்தம் தின்று காது பாதி போய்விட்டது. அவர் வீட்டில் கதைப்பதும் குறைவு. கீழே நிற்கிற கப்பல் பின்னேரத்துக்குள் நிரம்ப வேண்டும். எந்த மூட்டை கப்பலின் எந்த அறைக்குள் என்று சொல்லுகிற தமிழ்த் துண்டு இந்தக் கந்தோரிலிருந்துதான் போகிறது. அச்சு நின்றால் கிரேனும் நிற்கும்.

உள்ளே வதனியும் ஹாஜியாரும் அவர் கூப்பிட்டிருந்த லோயர் ஸுஹைரும் இருந்தார்கள். ஸுஹைர் மூதூர்க்காரர், வாயை அளந்து திறக்கிறவர். இது ஹாஜியாரின் வழக்கல்ல, வதனியின் வழக்குமல்ல, இன்னும் வழக்கே அல்ல, அதனால் முதலில் பொருளைப் பார்ப்போம் என்றார். குலசிங்கம் கதிரையில் இருக்காமல் நின்றார்.

ஹாஜியார் குலசிங்கத்தையும் வதனியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தனக்கு இந்த மெஷின் விஷயம் ஒன்றும் விளங்காது, கீழே லொறி நிற்கிறது, பிள்ளைகள் அடிபடாமல் பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வதனி அத்தானின் நிரலை முதலில் ஓடவிட்டாள். திரையில் திறப்பு எண் கேட்கும் பெட்டி வந்து நின்றது. அதைக் கழற்றினாள். தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தாள். களஞ்சிய நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அதில் போய், வந்து நின்ற லொறியின் இலக்கத்தை அடித்தாள்.

அச்சு மெஷின் ஒருதரம் உறுமியது. தலை ஓடத் தொடங்கியது. "பருப்பு, இரண்டாம் அறை, இடப்பக்கம்." எழுத்து ஒவ்வொன்றும் தன் கொம்பையும் காலையும் விசிறியையும் சரியாகச் சூடிக்கொண்டு கடதாசியில் இறங்கியது.

குணேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கணினி தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் கலியாணம் முடித்த புதிதில் குலசிங்கத்தின் நிரலுக்குக் கையேடு தட்டெழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொரு கட்டளைப் பெயரும் விரலுக்குத் தெரியும். இப்போது அவள் கண்முன்னால் நடப்பது என்ன? எழுதியவன் ஊரில் இல்லாத ஒரு நிரல், இருளில் நின்று ஒரு பெயரைக் கூப்பிடுகிறது. தனக்குப் பதில் சொல்வது யார் என்று அதற்குத் தெரியாது. முன்பு குலசிங்கம் பதில் சொன்னார். இப்போது தங்கச்சி பதில் சொல்கிறாள். கூப்பிட்டவனுக்கு ஆள் மாறியது தெரியவே இல்லை. அவளுக்கு மேல் புல்லரித்தது.

குலசிங்கத்துக்கும் ஏதோ ஆனது. அவர் வதனியிடம் ஒன்றும் கேட்காமல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நீளமான வரி ஒன்றை அடித்தார். வரியின் கடைசியில், கடதாசி முடிகிற இடத்தில், கொம்பு வைத்த எழுத்து வருகிற மாதிரி அடித்தார். தன்னுடைய நிரல் அந்த இடத்தில் கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் வெட்டி எறியும் என்று அவருக்குத் தெரியும். வேறொருவருக்கும் சொன்னதில்லை. தன்னிடம் களவெடுத்தவள் என்றால் அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்திருப்பாள்.

கொம்பும் எழுத்தும் ஒன்றாக அடுத்த வரிக்கு இறங்கின.

"உள்ளுக்கு என்ன எழுதியிருக்கிறாய்? காட்டு." வந்ததிலிருந்து வதனியோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் திறந்து காட்டினாள். அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். வாசித்தார். மேலே போய்த் திரும்ப வாசித்தார். ஒரு லொறி வந்து நிரம்பிப் போனது, இன்னொன்று வந்தது. லோயர் தன் கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தார். குணேஸ்வரிக்குத் தன் புருஷனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது மெல்ல மெல்ல இளகியது. காலையில் சாவடியில் ஒடுங்கிய தோள் இது அல்ல. பழைய நாளில், விடியும் மட்டும் இருந்து எழுதிவிட்டு வந்து அவளை எழுப்பி, குணம், வந்து பார் என்று கூப்பிட்ட மனுஷனின் தோள்.

"எழுத்து வடிவங்களுக்கு அட்டவணை வைக்கேல்லயா நீ?"

"இல்லை அத்தான். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில நிக்கிற எழுத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். அட்டவணை வைச்சா மெமரி காணாது. இது பழைய மெஷின் தானே."

"நான் அதுக்கு ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சனான்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சொன்னார். "இது என்ர இல்லை. ஒரு வரியும் என்ர இல்லை."

வதனியின் கண் நிறைந்துவிட்டது. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குணேஸ்வரி நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல உணர்ந்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. குலசிங்கம் விரலால் திரையின் மேல்பக்கத்தைத் தொட்டார். "ஆனா இது என்ர. கூப்பிடுற பேர். அந்த ஒழுங்கு. இதை இவள் அப்பிடியே எடுத்திருக்கிறாள்."

அது உண்மைதான் என்றாள் வதனி. மறைக்கவில்லை, ஒளிக்கவில்லை, பெயரை எடுக்காமல் இந்த வேலை செய்யவே ஏலாது என்றாள்.

ஸுஹைர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். எழுதியதைச் சட்டம் காக்கும், ஒருவனுடைய யோசனையையோ செய்முறையையோ காக்காது. நிரலின் உள்ளே எழுதிய வரிகள் எழுத்து. அதில் இங்கே சண்டை இல்லை. வெளியில் நிற்கிற பெயர்கள் எழுத்தா, செய்முறையா? இந்தக் கேள்வியை இந்த நாட்டில் ஒரு நீதவானிடமும் யாரும் கேட்டதாக அவருக்குத் தெரியவில்லை. எழுத்து என்றே வைத்தாலும், நியாயமான பாவனை, அதாவது நியாயமாகப் பயன்படுத்துவது, என்று ஒன்று சட்டத்தில் உண்டு. எதற்காக எடுத்தாள், எவ்வளவு எடுத்தாள், எடுத்தது எப்படிப்பட்டது, எடுத்ததால் உரியவனின் வியாபாரம் எவ்வளவு அடிபட்டது என்று தராசில் போட்டுப் பார்ப்பார்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இன்றைக்கு யாரும் சத்தியம் பண்ண ஏலாது.

"அதனால ஒண்டு கேக்கணும், மிஸ்டர் குலசிங்கம். அந்தப் பேர்கள் எங்கயிருந்து வந்த? தங்கச்சி, கொஞ்சம் வாசியுங்க."

வதனி வாசித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ச் சொற்கள் அவை. கொளுவு என்று கூப்பிட்டால் குறிகள் எழுத்தோடு சேரும். தூக்கு என்றால் முழு வரியும் மெமரிக்குள் எழும்பும். ஆரியா என்றால் ஒரு வரி கீழே இறங்கும். விடு என்றால் அச்சுக்குப் போகும். இப்படியே இன்னும் கொஞ்சம். ஆரியா எங்கே கிடைத்த சொல் என்று தனக்கு இன்றுவரை தெரியாது, அத்தான் உண்டாக்கிய சொல் என்றுதான் நினைத்திருந்தேன் என்றாள்.

"ஓம்," என்றார் குலசிங்கம். "என்ர மண்டையில இருந்துதான் வந்தது. எல்லாம்."

குணேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அது பொய். அவளுக்கு மட்டும்தான் அது பொய் என்று தெரியும். அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று.

கலியாணம் முடித்து முதன்முதல் திருகோணமலைக்கு வந்தபோது குலசிங்கம் மாமனாரோடு இறங்குதுறைக்குப் போனார். அப்போது கெடுபிடி இவ்வளவு இல்லை, சொல்லிவிட்டால் விடுவார்கள். காலையில் போனவர் பொழுது சரியும்போதுதான் வந்தார். முகம் கோயிலுக்குள் போய்வந்த முகம். செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்று சொன்னார். குணம், உன்ர அப்பாவுக்குக் கப்பலின்ர அடிவயிறு தெரியாது. அவர் கூண்டுக்குள்ள இருக்கிறார். கீழ நிக்கிறவனுக்கு எஞ்சின் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவில விரல் விட்டு எண்ணக்கூடிய சொல்லுத்தான். அந்தச் சொல்லை நம்பி அவ்வளவு பாரமும் ஆக்களின்ர தலைக்கு மேலால போகுது. முதல் கையாலயாம், பிறகு நீராவி எஞ்சினாம், இப்ப டீசலாம். உள்ளுக்கு எல்லாம் மாறியிட்டுது, சொல்லு மாறேல்ல. ஆள் செத்தாலும் மாறேல்ல. இதை விடப் பெரிசா ஒருத்தன் என்னத்தைக் கண்டுபிடிப்பான்?

அன்றைக்கே ஒரு கடதாசித் துண்டில் எழுதத் தொடங்கினார். கொஞ்ச நாள் வீட்டிலும் அந்தச் சொற்கள்தான். சோத்துப் பானையை இறக்கவும் ஆரியா, சேலை மடிப்பைக் கொளுவவும் கொளுவு. அவள் சிரித்துச் சிரித்து விக்கியிருக்கிறாள். பிறகு அவள் அந்தப் பெயர்களைக் கையேட்டில் தட்டெழுதினாள். இத்தனை நாளும் அது யாருடையது என்ற கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. கள்ளி என்று அவர் சொன்னபோதும் உள்ளே எழுதியதைத்தான் வதனி எடுத்துவிட்டாளாக்கும் என்று பயந்தாள். பெயர்தான் சங்கதி என்று இந்த அறைக்குள் வந்துதான் விளங்கியது.

சொல்லலாம். சொன்னால், பத்துப் பேர் மதிக்கிற மனுஷனை மைத்துனிக்கும் லோயருக்கும் முன்னால் பொய்யன் ஆக்கியதாகும். சொல்லாவிட்டால், மாமனாரின் வாயிலிருந்து எடுத்த சொல்லை வைத்து மாமனாரின் மகளையே கள்ளி ஆக்குவதற்கு அவள் துணை. வாய் வரவில்லை. கால்தான் போனது.

யன்னலடிக்குப் போனாள். பட்டி ஒட்டிய கண்ணாடி நெடுநாள் திறபடாமல் இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். பட்டி கிழிந்தது. யன்னல் திறந்தது.

முதலில் வெக்கை வந்தது. மாவும் டீசலும் உப்பும் கலந்த மணம் வந்தது. பிறகு எஞ்சின் சத்தம். அதற்கு மேலால், கப்பல் தட்டில் நின்று கையைத் தூக்கி வழி சொல்லுகிற ஆதம்பாவாவின் குரல்.

"கொளுவு."

கீழே ஆட்கள் மூட்டைக் கட்டில் கொக்கியைப் போட்டார்கள்.

"தூக்கு, தூக்கு."

கூண்டுக்குள் யோகலிங்கம் நெம்புகோலை இழுத்தார். மூட்டைகள் நிலத்தை விட்டு எழுந்தன. கப்பலின் வயிற்றுக்கு மேலே போய் நின்றன. அந்த வயிறு அவருக்குத் தெரியாது. ஆதம்பாவாவின் விரலைத்தான் பார்த்தார்.

"ஆரியா... ஆரியா... மெல்ல ஆரியா."

இறங்கிற்று. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறதுபோல ஒருத்தன் ஒரு மலையை இறக்கினான்.

"விடு."

கொக்கி வெறுமையாக மேலே வந்தது. மறுபடியும் கொளுவு. மறுபடியும் அதே ஒழுங்கு. திரையில் வதனி வாசித்த ஒழுங்கு. அச்சு மெஷின் பக்கத்தில் இன்னொரு துண்டை இறக்கிக்கொண்டிருந்தது, அதே ஒழுங்கில். வதனி ஒருமுறை திரையைப் பார்த்தாள், ஒருமுறை யன்னலைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தகப்பன் உடுப்பில் கொண்டுவந்த மாவைக் கழுவியவள் அவள். அந்த மனுஷன் வெளியில் என்ன மொழி பேசுகிறார் என்று இன்றைக்குத்தான் கேட்டாள். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

படியேறி வந்த ஹாஜியார் குளிர் போகுது என்று யன்னலைச் சாத்தப் போனார். லோயர் மறித்தார். ஆரியா என்றால் என்ன என்று கேட்டார். இறக்கு என்றார் ஹாஜியார். பறங்கியன் காலத்துச் சொல் என்று தன் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், இந்தக் கரை முழுக்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறது, ஏன், என்றார்.

குலசிங்கம் எழும்பினார். கோபப்படுவார் என்று குணேஸ்வரி நினைத்தாள். அவர் யன்னலடிக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கிரேனையே பார்த்தார். பழைய முகம் ஒரு கணம் வந்துபோனது.

"சொல்லு இறங்குதுறையின்ர," என்றார் லோயரிடம். "ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. இவங்கள் பாரம் தூக்கத்தான் சொன்னவங்கள். எழுத்துக்கு இது பொருந்தும் எண்டு கண்டது நான். எது வேணும், எது வேண்டாம், எதுக்குப் பிறகு எது எண்டு இருந்து யோசிச்சது நான். அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையோ?"

இருக்கிறது என்றார் ஸுஹைர். அது லேசில் தள்ளக்கூடிய வாதமல்ல, தான் அவருடைய பக்கத்து லோயராக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வேன் என்றார்.

வதனி குறுக்கிட்டாள். அத்தான் கண்டதுதான் பெரிது, அது இல்லாமல் தான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன் என்றாள். திரையில் முதல் பக்கத்திலேயே பெயர்கள் அத்தானுடையவை என்று போடுகிறேன், உள்ளே எழுதினது மட்டும் என்னுடையது என்று போடுகிறேன் என்றாள். உங்களுடைய திறப்பு எண் எப்போது வந்தாலும் ஹாஜியார் விரும்பினதை வைக்கலாம், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றாள்.

லோயருக்கு அது போதும். ஒரு வெள்ளைக் கடதாசி எடுத்து, இந்தப் பெயர்களை வதனி பாவிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று தமிழில் எழுதி, குலசிங்கத்தின் முன்னால் வைத்தார். பேனையையும் திறந்து வைத்தார்.

குலசிங்கம் பேனையை எடுத்தார். கடதாசியில் வைத்தார். மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. அதற்கு மேல் கை போகவில்லை.

"என்ன அத்தான்?"

அவர் பேனையை மூடினார்.

"கையெழுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை, வதனி. நான் அதை வித்திட்டன்."

கொழும்பில் ஒரு பெரிய கொம்பனிக்குப் போன மாதம் விலைக்குக் கொடுத்துவிட்டார். பொலிஸில் இருந்து வந்த பிறகு வேலைக்குப் பொடியள் நிற்கவில்லை, வாடிக்கைக்காரர் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியவில்லை, கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டார். நிரலும் பெயர்களும் ஒழுங்கும் எல்லாம் சேர்த்து. இவற்றையெல்லாம் நானே உண்டாக்கினேன், வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்துத்தான் கொடுத்தார். இங்கே வதனியின் நிரல் ஓடுகிறது என்று கண்டுபிடித்ததும் அந்தக் கொம்பனிதான். எடுக்க வைக்கச் சொல்லி அவரை அனுப்பியதும் அவர்கள்தான். எடுக்காவிட்டால் அவர்களுடைய லோயர்மார் வருவார்கள். வழக்கு வதனி மேலே மட்டுமில்லை, அவளுடைய நிரலை ஓடவிடுகிற களஞ்சியக்காரர் மேலேயும்.

ஹாஜியார் மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

ஸுஹைர் எழுதிய கடதாசியை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். வார்த்தையை எடை போட்டுப் பேசினார். கொம்பனி வந்தால் வதனிக்கு நல்ல பதில் இருக்கிறது. பெயர்கள் இறங்குதுறையின் பெயர்கள். அதை யோகலிங்கம் ஐயா சொல்லலாம், ஆதம்பாவா சொல்லலாம். ஆனால் குலசிங்கம் அதை அங்கேதான் எடுத்தார், தானாக உண்டாக்கவில்லை என்று யார் சொல்லுவது? எடுத்தவர் சொல்ல வேண்டும். சொன்னால், கொம்பனிக்குப் பொய்ச் சத்தியம் கொடுத்தவர் ஆவார். அல்லது எடுத்ததை அவர் வாயால் கேட்டவர் யாராவது இருந்தால் சொல்லலாம்.

அவர் யாரையும் குறிப்பிட்டுப் பார்க்கவில்லை. யன்னலைத் திறந்த ஆளை அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

குலசிங்கம் இப்போது பெண்சாதியைப் பார்த்தார். காலையில் சாவடியில் நிலத்தைப் பார்த்த கண். அதில் இருந்த கெஞ்சல் குணேஸ்வரிக்குச் சுட்டது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரு பாயில் படுத்திருக்கிறாள். பொலிஸ் வாசலில் இரவு பகல் என்று நின்று இவரை மீட்டுக் கொண்டுவந்தவளும் அவள்தான். இவர் கும்பிட்டால் அவளால் தாங்க ஏலாது. கும்பிட முன்னம் சொல்லிவிட வேண்டும்.

"நீங்களே சொல்லுங்கோ," என்றாள். "உங்கட வாயால சொன்னா நான் உங்களுக்குப் பக்கத்தில நிப்பன். கோர்ட்டுக் கச்சேரி எங்க எண்டாலும் வருவன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"குணம், என்னைப் பிடிச்சு உள்ள போட்டிடுவாங்கள்."

"தெரியும். அதுக்கும் நான் வருவன்."

அவர் கதவைத் திறந்து வெளியே போனார். மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வதனி பின்னால் ஓடப் போனாள். விடு, அவர் போகட்டும் என்று குணேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்தாள்.

யன்னலால் பார்த்தார்கள். பஸ் நிலையப் பக்கம் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மறுபக்கம் திரும்பினார். இறங்குதுறை வாசலில் நின்ற கடற்படைக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டினார். தோளை ஒடுக்கவில்லை. ஏதோ சொன்னார், கையால் கிரேனைக் காட்டினார். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே விட்டான்.

கிரேனின் கூண்டுக்குக் கீழே போய் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். எஞ்சின் சத்தத்தில் அது யோகலிங்கத்துக்குக் கேட்கவில்லை. ஆதம்பாவாதான் கண்டு, கையை உயர்த்தி விரலை மடக்கினார். கிரேன் நின்றது. மூட்டைக் கட்டு ஆகாயத்தில் அப்படியே தொங்கியது. கீழே நின்ற ஆட்கள் எல்லாரும் முதுகை நிமிர்த்தித் திரும்பினார்கள்.

யோகலிங்கம் எஞ்சினை நிறுத்தினார். கூண்டுக் கதவைத் திறந்து, காதில் சுற்றியிருந்த துவாயைக் கழற்றி, மருமகன் பக்கமாகக் குனிந்தார். குலசிங்கத்தின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்லுகிறார் என்று மேலே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் சொன்னார், நடுவில் தொங்கிய கொக்கியைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

சொல்லி முடிந்ததும் கிழவர் தலையைத் தூக்கி, நேரே இந்த யன்னலைப் பார்த்து, மருமகனுக்குப் பக்கத்து இடத்தைக் காட்டி, மூத்த மகளைக் கீழே வரும்படி கையால் கூப்பிட்டார்.